ஃபோர்த்தில் +! பயன்படுத்தும்போது பக்கத்து பைட்டின் மதிப்பும் மாறுவது ஏன்?

செங்காந்தள் (கேள்வி)

வணக்கம். சி, பைத்தான் ஆகியவற்றில் ஓரளவு பழகிய பிறகு, அடுக்கை அடிப்படையாகக் கொண்ட மொழி ஒன்றை அடியிலிருந்து கற்க விரும்பி ஃபோர்த்தைத் தொடங்கியிருக்கிறேன். 64 பிட் லினக்ஸ் கணினியில் ஜிஃபோர்த் என்ற ஃபோர்த் செயலாக்கத்தை வைத்திருக்கிறேன். மாறியின் பெயரை எழுதினால் அடுக்கில் வந்து நிற்பது அதன் மதிப்பன்று, முகவரியே என்பதும், அந்த முகவரியை எடுத்துக்கொண்டு மதிப்பைத் தருவது @ என்பதும், மதிப்பையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு நினைவகத்தில் எழுதுவது ! என்பதும் புரிந்துவிட்டன. இருக்கும் மதிப்போடு ஓர் எண்ணைக் கூட்டி அதே இடத்தில் எழுத +! இருக்கிறது என்றும் படித்தேன்.

பயிற்சிக்காக, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள தமிழ் உரை ஒன்றில் ஒவ்வொரு பைட்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சிறு நிரலை எழுதினேன். ஃபோர்த்தின் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன்.

```
கிரியேட் அட்டவணை 256 அலாட்
அட்டவணை 256 இரேஸ்

: எண்ணு ( பைட் -- ) அட்டவணை + 1 ஸ்வாப் +! ;
: கணக்கிடு ( முகவரி நீளம் -- )
   ஓவர் + ஸ்வாப் ?டூ ஐ சி@ எண்ணு லூப் ;
```

சிறிய வாக்கியங்களுக்கு விடை சரியாகவே வந்தது. பெரிய உரைகளில் பிழை தெரிந்ததால், 'மரம்' என்ற சொல்லை இடைவெளி இல்லாமல் 250 முறை எழுதிய உரையைக் கொடுத்துப் பார்த்தேன். 'மரம்' என்பதில் ம, ர, ம, புள்ளி என நான்கு யூனிகோடு குறிகள் உள்ளன; ஒவ்வொன்றும் மூன்று பைட்; எல்லாம் 224 என்ற பைட்டில்தான் தொடங்கும். எனவே 224க்கு எதிரே 1000 இருக்க வேண்டும். ஆனால் சி@ கொண்டு படித்தால் 224க்கு 232 என்றும், உரையில் இல்லவே இல்லாத 225க்கு 3 என்றும் வருகின்றன. 174க்கு 1250 வர வேண்டிய இடத்தில் 226 வருகிறது. 175க்கு 250க்குப் பதிலாக 254 வருகிறது. 176க்கும் 141க்கும் மட்டும் 250 என்று சரியாகவே இருக்கிறது.

இதைவிடக் குழப்பமானது என்னவென்றால், `அட்டவணை 224 + @ .` என்று எழுதினால் 1000 என்ற சரியான விடை வருகிறது. அதே முறையில் 174ஐப் படித்தால் 16449250 என்கிறது.

இங்கே நடப்பது என்ன? எத்தனை பைட்டைத் தொட வேண்டும் என்பதை ஃபோர்த் எதைக் கொண்டு முடிவு செய்கிறது? மற்றொன்றும் கேட்க வேண்டும்: ! என்பதும் +! என்பதும் முகவரியை ஏன் அடுக்கின் உச்சியில் எதிர்பார்க்கின்றன? மேலே உள்ளதுபோல் முகவரியைக் கணக்கிட்ட பிறகு ஸ்வாப் (அடுக்கின் மேல் இரண்டு உறுப்புகளை இடம் மாற்றும் சொல்) போட வேண்டியிருப்பது எனக்கு இயல்பாகத் தோன்றவில்லை.

மரத்தடி (பதில்)

செங்காந்தள் அவர்களுக்கு வணக்கம். உங்கள் சோதனை உரை மிக நல்ல தேர்வு. நீங்கள் கொடுத்த எண்களைக் கொண்டே முழு விளக்கத்தையும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை அதில் அடங்கும். ஃபோர்த்தில் நினைவகத்துக்கு வகை கிடையாது. கிரியேட் ஒரு பெயரை அகராதியில் பதிக்கிறது. அலாட் அதன்பின் நீங்கள் சொன்ன அளவு இடத்தை ஒதுக்குகிறது. அந்த இடத்தில் இருப்பவை பைட்களா, முழு எண்களா, வேறு இடங்களின் முகவரிகளா என்பது எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை. சியில் அணியை அறிவிக்கும்போதே உறுப்பின் அகலத்தையும் சொல்லிவிடுகிறீர்கள். பிறகு ++ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் தொகுப்பி அந்த அறிவிப்பைப் பார்த்துப் பொருத்தமான இயந்திரக் கட்டளையைத் தேர்கிறது. ஃபோர்த்தில் அந்தத் தேர்வை எழுதுபவரே செய்கிறார். எந்தச் செயற்குறியை எழுதுகிறீர்களோ அதுவே அகலத்தின் அறிவிப்பு. அதற்கு மேல் ஒரு சரிபார்ப்பும் இல்லை. முகவரி என்பதும் அடுக்கில் கிடக்கும் வெறும் எண்தான். அது பைட்டின் முகவரியா, செல்லின் முகவரியா என்று @ கேட்பதில்லை.

@, !, +! ஆகிய மூன்றும் ஒரு செல்லைத் தொடுகின்றன. செல் என்பது அடுக்கின் ஓர் உறுப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு. உங்கள் ஜிஃபோர்த்தில் அது 8 பைட். சி@, சி! ஆகியவை ஓர் எழுத்தின் அளவை, அதாவது உங்கள் கணினியில் ஒரே ஒரு பைட்டைத் தொடுகின்றன. சி@ அந்த பைட்டை எடுத்து, மேலே உள்ள பிட்களை எல்லாம் பூச்சியமாக்கி, ஒரு முழுச் செல்லாக அடுக்கில் வைக்கிறது. சி! அடுக்கில் உள்ள செல்லின் கீழ்ப்பகுதியை மட்டும் எழுதிவிட்டு மீதியை விட்டுவிடுகிறது.

இப்போது உங்கள் `எண்ணு` செய்வதைப் பாருங்கள். 224 என்ற பைட் வரும்போது அது அட்டவணையின் 224ஆம் இடத்திலிருந்து 231ஆம் இடம் வரையுள்ள எட்டு பைட்களையும் ஒரே எண்ணாக எடுத்து, 1 கூட்டி, எட்டையும் திரும்ப எழுதுகிறது. உங்கள் செயலி எண்ணின் கடைசிப் பகுதியை முதல் முகவரியில் வைக்கும் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே 255 வரை கூட்டல் 224ஆம் பைட்டுக்குள்ளேயே நின்றுவிடும். சிறிய உரைகளில் விடை சரியாக இருந்ததற்கு இதுவே காரணம். 256ஆம் முறை அந்த பைட் பூச்சியமாகி, மிகுதி 225ஆம் இடத்துக்கு ஏறுகிறது. 1000 என்பது 3 முறை 256உம் மீதி 232உம் ஆகும். நீங்கள் கண்ட 232உம் 3உம் அவையே. 1250 என்பது 4 முறை 256உம் மீதி 226உம். அந்த 4தான் 175ஆம் இடத்தில் இருந்த 250ஐ 254 ஆக்கியது. 176, 141 ஆகியவற்றின் எண்ணிக்கை 255ஐத் தாண்டவில்லை, அவற்றுக்கு முந்தைய இடத்திலிருந்தும் எதுவும் ஏறி வரவில்லை. ஆகவே அவை தப்பின.

`அட்டவணை 224 + @` உங்களுக்கு 1000 தந்தது தற்செயல். 226 முதல் 231 வரை உள்ள இடங்கள் காலியாக இருந்ததால் எட்டு பைட்டும் சேர்ந்து 1000 என்றே படிக்கப்பட்டன. உரையில் வளைந்த மேற்கோள் குறிகள் இருந்திருந்தால், அவை 226இல் தொடங்குவதால், ஒவ்வொன்றுக்கும் 65536 கூடியிருக்கும். 174ஐப் படித்தபோது அதுவே நேர்ந்தது: 1250 என்பதோடு 175க்கான 250 முறை 256உம், 176க்கான 250 முறை 65536உம் சேர்ந்து 16449250 ஆயிற்று. கூட்டிப் பாருங்கள், ஒன்றுகூடப் பிசகாது.

திருத்தத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. பைட் அளவிலேயே கூட்டும் செயற்குறி தரநிலையில் இல்லை. ஆனால் எழுதிக்கொள்வது எளிது.

```
: சி+! ( எண் முகவரி -- ) டியூப் >ஆர் சி@ + ஆர்> சி! ;
```

டியூப் உச்சியில் உள்ளதை நகலெடுக்கிறது; >ஆர் அதை ஒரு துணை அடுக்கில் ஒதுக்கி வைக்க, ஆர்> திரும்ப எடுக்கிறது. இது பக்கத்து இடத்தைத் தொடாது. ஆனாலும் உங்கள் தேவைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் 255க்கு மேல் எண்ணிக்கை சத்தமில்லாமல் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். பிழை அப்படியே இருக்கும், வேறு உருவத்தில். எண்ணிக்கை பெரிதாகக்கூடும் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லை ஒதுக்குவதே சரி.

```
கிரியேட் அட்டவணை 256 செல்ஸ் அலாட்
அட்டவணை 256 செல்ஸ் இரேஸ்

: இடம் ( பைட் -- முகவரி ) செல்ஸ் அட்டவணை + ;
: எண்ணு ( பைட் -- ) 1 ஸ்வாப் இடம் +! ;
: எத்தனை ( பைட் -- எண் ) இடம் @ ;
```

செல்ஸ் என்பது உறுப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கி முகவரி அலகுகளாக மாற்றுகிறது. உங்கள் கணினியில் 8ஆல் பெருக்குகிறது. அட்டவணை 2048 பைட் ஆகும், அது இன்று ஒரு பொருட்டன்று. `இடம்` என்ற சொல்லைத் தனியே பிரித்திருப்பதைக் கவனியுங்கள். உறுப்பின் அகலம் பற்றிய அறிவு அந்த ஒரு சொல்லிலும் அதைப் பயன்படுத்தும் இரண்டு சொற்களிலும் மட்டுமே இருக்கிறது. வகை இல்லாத மொழியில் வகையை நாம் காக்கும் முறை இதுதான்: அகலம் தெரிந்த சொற்களைக் குறைவாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அவற்றின் வழியாகவே செல்ல வைப்பது.

பழைய நிரலில் இன்னொரு தீங்கும் மறைந்திருந்தது. 249 முதல் 255 வரையுள்ள இடங்களில் +! செய்தால் அட்டவணைக்கு வெளியே உள்ள பைட்களும் எடுத்து எழுதப்படும். யூடிஎஃப்-8 உரையில் 245 முதல் 255 வரையுள்ள பைட்கள் வருவதே இல்லை என்பதால் அது உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு படக் கோப்பைக் கொடுத்திருந்தால் 255ஆம் இடத்தின் மிகுதி அகராதியில் அட்டவணையை அடுத்து இருப்பதன்மேல் ஏறியிருக்கும். அது உங்கள் `எண்ணு` என்ற சொல்லின் தலைப்பகுதியாகவே இருந்திருக்கலாம்.

குறிஞ்சி (பதில்)

மரத்தடி அவர்களின் விளக்கத்துக்குப் பின் முதல் இரண்டு கேள்விகளில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அடுக்கின் வரிசை பற்றிய மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

நினைவகத்தைத் தொடும் செயற்குறிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: முகவரி உச்சியில் இருக்கும். @ என்பதற்கு அது ஒன்றே உள்ளீடு; ! என்பதற்கு அதன் கீழே மதிப்பு; 2! என்பதற்கு அதன் கீழே இரண்டு மதிப்புகள், +! என்பதற்குக் கூட்ட வேண்டிய எண். இது ஏன் வசதி என்பது மாறிகளோடு எழுதும்போது தெரியும்.

```
வேரியபிள் வெப்பம்
உணரி 10 * 32 + வெப்பம் !
```

இதில் `உணரி` என்பது ஒரு கருவியின் அளவைப் படித்து அடுக்கில் வைக்கும் சொல் என்று கொள்ளுங்கள். கணக்கு எவ்வளவு நீளமானாலும் அது முடிந்த பிறகு, எங்கே வைக்க வேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்லி ! போட்டுவிடலாம். வரிசை தலைகீழாக இருந்திருந்தால் முகவரியை முதலில் அடுக்கில் வைத்துவிட்டு, கணக்கு முடியும்வரை அதை அடியில் சுமந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். வினைக்கு முன் செயப்படுபொருளை வைத்துப் பேசும் நமக்கு, 'இந்த மதிப்பை வெப்பத்தில் வை' என்ற இந்த ஒழுங்கு அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை.

உங்கள் நிரலில் ஸ்வாப் தேவைப்பட்டதற்குக் காரணம் முகவரியே கணக்கிடப்படுவதுதான். அங்கும் மரத்தடி காட்டிய `1 ஸ்வாப் இடம் +!` என்ற வடிவம் ஒழுங்கைத் தெளிவாக்குகிறது. முதலில் மதிப்பு, பிறகு இடம், பிறகு செயல். புதிய நிரலில் நான் ஸ்வாப்பை எங்கே எழுதுகிறேன் என்று பார்ப்பேன். அது முகவரிக் கணக்கின் நடுவே வந்தால், பெரும்பாலும் ஒரு சொல்லைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன் என்று பொருள்.

2@ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் இடறுவீர்கள். 2@ என்பது அடுத்தடுத்த இரண்டு செல்களைத் தரும். முதல் முகவரியில் உள்ள செல்தான் அடுக்கின் உச்சிக்கு வரும். அதை நாமே எழுதினால் இப்படி இருக்கும்.

```
: 2@ ( முகவரி -- பின்செல் முன்செல் ) டியூப் செல்+ @ ஸ்வாப் @ ;
```

இரட்டை அகல எண்ணில் உயர்பகுதி அடுக்கின் உச்சியில் இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஆகவே 2! கொண்டு எழுதினால் உயர்பகுதி முதல் முகவரிக்கும் தாழ்பகுதி அடுத்த முகவரிக்கும் போகிறது. உங்கள் செயலியோ தாழ்பகுதியை முதலில் வைக்கும் இனம். எனவே 2! எழுதியதை வேறொரு மொழியில் எழுதிய நிரல் 128 பிட் எண்ணாகப் படித்தால் இரண்டு பாதிகளும் இடம் மாறியிருக்கும். ஃபோர்த்துக்குள் 2@, 2! இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தும்வரை இதனால் எந்தத் தொல்லையும் இல்லை.

செல்ஸ் என்ற சொல் மொழிக்குப் பிந்தி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய நிரல்களைப் படிக்கும்போது அது இல்லாதது உங்களை வழிதவறச் செய்யும். 1970களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் மூர் அமெரிக்க தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தில் கிட் பீக் தொலைநோக்கிக்காக இந்த மொழியை வளர்த்த காலத்தில், அது ஓடிய கணினிகள் சிறியவை. ஃபோர்த்-83 தரநிலை வரையிலும் செல் என்றால் 16 பிட் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது; அணியில் அடுத்த உறுப்புக்குப் போக 2+ என்றும், சுட்டெண்ணை முகவரியாக்க 2* என்றும் எழுதினார்கள். 1994இல் வந்த ஆன்சி தரநிலைதான் செல்லின் அகலத்தைக் கணினிக்கு விட்டுவிட்டு, குறைந்தது 16 பிட் என்று மட்டும் சொல்லி, செல்ஸ், செல்+, அலைன்ட் (முகவரியை அடுத்த சீரான எல்லைக்கு உயர்த்துவது) போன்ற சொற்களைச் சேர்த்தது. அந்தக் காலத்து நிரலை உங்கள் 64 பிட் கணினியில் அப்படியே ஓட்டினால், 2+ போட்ட ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் இன்று கண்ட அதே மேற்படிதல்தான் நிகழும்.

செல்ஸ் எப்போதும் பெருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கிரீன்அரேஸ் நிறுவனத்தின் ஜிஏ144 சில்லில் உள்ள 144 சிறு கணினிகளும் 18 பிட் சொற்களையே முகவரியிடுகின்றன. அத்தகைய கணினியில் முகவரி ஒன்று கூடினால் அடுத்த செல் வந்துவிடும், பைட் என்பதற்குத் தனி முகவரியே இல்லை. மூர் தாமே வடிவமைத்த அந்தச் செயலியில் @ அடுக்கிலிருந்து முகவரியை எடுப்பதும் இல்லை. ஏ என்ற பதிவகத்தில், அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், உள்ள முகவரியைப் பயன்படுத்துகிறது. நினைவகத்தை வரிசையாகப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் முகவரியை டியூப் செய்து கூட்டி வைக்கும் வேலை அதனால் மிச்சமாகிறது.

பாலைத்திணை (பதில்)

உங்கள் பிழையை எக்ஸ்86 செயலி பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்க முடியும். கார்டெக்ஸ் எம்0 போன்ற செயலியில், நான்கால் வகுபடாத முகவரியில் முழுச் செல்லைப் படிக்க முயன்றால் அது உடனே வன்பொருள் பிழையாகி நின்றுவிடும். நான் நுண்கட்டுப்படுத்திகளில் வேலை செய்பவன். அந்தக் கண்டிப்பு எனக்கு எத்தனையோ இரவுகளை மீட்டுக் கொடுத்திருக்கிறது. தாராளமாக மன்னிக்கும் செயலியில் கற்பவருக்கு அந்த உதவி இல்லை. ஆனால் ஃபோர்த்தில் அதை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

```
: சீரா ( முகவரி -- முகவரி )
   டியூப் டியூப் அலைன்ட் <> இஃப் -23 த்ரோ தென் ;

: @  சீரா @ ;
: !  சீரா ! ;
: +! சீரா +! ;
```

இது தன்னைத்தானே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் ஓடும் என்று தோன்றலாம், ஓடாது. அரைப்புள்ளி வரும்வரை புதிய பெயர் தேடலில் தெரியாது; ஆகவே உள்ளே எழுதிய @ பழைய @ ஆகும். இதற்கு முன் தொகுக்கப்பட்ட சொற்கள் பழையதையே தொடர்ந்து பயன்படுத்தும். இதற்குப் பின் வருபவை மட்டும் சரிபார்ப்புடன் ஓடும். ஜிஃபோர்த் பெயர்கள் மறுவரையறை செய்யப்பட்டதாக எச்சரிக்கும், அவ்வளவுதான். -23 என்பது முகவரிச் சீரமைவுப் பிழைக்குத் தரநிலை ஒதுக்கிய எண்.

உங்கள் கோப்பின் தலையில் இதை வைத்திருந்தால், 'மரம்' என்ற சொல்லின் முதல் பைட்டான 224 நழுவிப் போயிருக்கும், ஏனெனில் 224 எட்டால் வகுபடும். இரண்டாவது பைட்டான 174இல் நிரல் நின்றிருக்கும். நிரல் திருந்தியபின் அந்த மூன்று வரிகளை நீக்கிவிடலாம். வேறெங்கும் கை வைக்க வேண்டியதில்லை. மொழியின் அடிப்படைச் செயற்குறியையே பயனர் மாற்றியமைத்துச் சோதித்துவிட்டு, பிறகு பழைய நிலைக்குத் திருப்பிவிட முடிவது ஃபோர்த்தின் பெரும் வலிமைகளில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். +! என்பது ஒரே சொல்லாக எழுதப்பட்டாலும், படித்தல், கூட்டல், எழுதுதல் என்று மூன்று செயல்களாக நடக்கலாம். இடைக்கிடை வரும் குறுக்கீட்டு நிரலும் உங்கள் முதன்மை நிரலும் ஒரே எண்ணியின்மேல் +! செய்தால் ஓர் எண்ணிக்கை தொலையக்கூடும். மரபான ஃபோர்த்தில் பணிகள் தாமாக விட்டுக்கொடுக்கும்போதுதான் மாறும் என்பதால் பணிகளுக்கிடையே அந்த அச்சம் இல்லை, குறுக்கீடுகளோடு உண்டு.

செங்காந்தள் (தொடர் கேள்வி)

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டவணையைச் செல்களாக மாற்றியதும் 1000, 1250, 250 என்று எல்லாம் சரியாக வந்துவிட்டன. பாலைத்திணை அவர்கள் தந்த சரிபார்ப்பைப் பழைய நிரலின் முன் வைத்து ஓட்டினேன். சொன்னபடியே 174இல் நின்றது.

இதைப் படித்தபின் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. வேவ் ஒலிக்கோப்பின் தலைப்பில் 24ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்களில் மாதிரி வீதம் இருக்கிறது. கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அந்த இடத்தில் @ போட்டால் 44100க்குப் பதிலாக 757632231058500 என்கிறது. @ எட்டு பைட்டைப் படிக்கிறது, சி@ ஒன்றைப் படிக்கிறது என்றால், நான்கை எதனால் படிப்பது?

பாலைத்திணை (பதில்)

உங்கள் எண் பொய் சொல்லவில்லை. 28ஆம் பைட்டில் தொடங்கும் அடுத்த நான்கு பைட்களில் ஒரு நொடிக்கான பைட் அளவு இருக்கிறது. இரண்டு தடங்கள் கொண்ட 16 பிட் ஒலிக்கு அது 176400. அது உயர்பாதியாகவும் 44100 தாழ்பாதியாகவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

இடைப்பட்ட அகலங்களுக்கு ஆன்சி தரநிலையில் செயற்குறி இல்லை. ஒவ்வொரு ஃபோர்த்தும் தன் வழியில் வைத்திருக்கிறது. ஜிஃபோர்த்தில் 16 பிட்டுக்கு டபிள்யூ@, குறியில்லாத 32 பிட்டுக்கு யூஎல்@ உண்டு. கார்டெக்ஸ் செயலிகளுக்கான மெக்ரிஸ்ப் ஸ்டெல்லாரிஸில் செல்லே 32 பிட் என்பதால் @ போதும், 16 பிட்டுக்கு ஹெச்@ இருக்கிறது. சன் பணிநிலையங்களிலும் பவர்பிசி மேக் கணினிகளிலும் தொடக்க நிரலாக இருந்த ஓப்பன் ஃபர்ம்வேர் ஒரு ஃபோர்த்தே. அது சாதாரண நினைவகத்துக்கு எல்@ என்றும், சாதனங்களின் பதிவகங்களுக்கு ஆர்எல்@ என்றும் தனித்தனியே வைத்திருந்தது. அந்தப் பிரிவினையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் பதிவகத்தைப் படிப்பதே ஒரு செயல். தொடர் இணைப்பு ஒன்றின் தரவுப் பதிவகத்தை வேடிக்கை பார்ப்பதற்காக @ போட்டால்கூட, காத்திருந்த பைட் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். பிறகு உங்கள் நிரல் அதைக் காணாது.

கோப்பைப் படிப்பதற்கு யூஎல்@ போதுமென்றாலும், நான் பைட் பைட்டாகவே கோப்பேன். கோப்பின் வடிவம் தாழ்பகுதி முதலில் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. செயலியின் ஒழுங்கு எதுவாயினும், முகவரி சீராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழே உள்ள சொல் ஒரே விடையைத் தரும். செல் 32 பிட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

```
: நாற்பைட்@ ( முகவரி -- எண் )
   >ஆர்
   ஆர்@ 3 + சி@ 256 *
   ஆர்@ 2 + சி@ + 256 *
   ஆர்@ 1 + சி@ + 256 *
   ஆர்> சி@ + ;
```

44100க்கான பைட்கள் 68, 172, 0, 0. மேலிருந்து வந்தால் 0, 0, பிறகு 172, அதை 256ஆல் பெருக்கினால் 44032, அதனோடு 68.

மரத்தடி (பதில்)

பாலைத்திணை சொன்னதோடு ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். `நாற்பைட்@` என்பதை நிரல் முழுவதும் தூவாதீர்கள். மாதிரி வீதத்துக்கு ஒரு சொல், தடங்களின் எண்ணிக்கைக்கு ஒரு சொல் என்று தலைப்பின் ஒவ்வொரு புலத்துக்கும் பெயர் வையுங்கள்.

```
: மாதிரிவீதம் ( தலைப்பு -- எண் ) 24 + நாற்பைட்@ ;
: நொடிபைட் ( தலைப்பு -- எண் ) 28 + நாற்பைட்@ ;
: தடங்கள் ( தலைப்பு -- எண் ) 22 + டியூப் சி@ ஸ்வாப் 1 + சி@ 256 * + ;
```

தடங்களின் எண்ணிக்கை 22ஆம் இடத்தில் இரண்டு பைட் மட்டுமே என்பதைப் பாருங்கள். அங்கே யாராவது நாற்பைட்@ போட்டால் மாதிரி வீதத்தின் தாழ்பாதி உயர்பாதியாக ஏறிவரும்; இரு தடக் கோப்பில் 2 என்பதற்குப் பதிலாக 2890137602 கிடைக்கும். அகலமும் இடமும் ஒரே வரியில் அருகருகே இருந்தால் அதைக் கோப்பு வடிவத்தின் விவரணையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடலாம். அதற்குப் பின் நிரலின் மற்ற பகுதியில் @ என்ற குறியே தென்படாது. தென்பட்டால் அந்த வரியை நின்று படியுங்கள்.